முப்பது பாகை

வக்கீல் கேட்டது ஒரு பட்டியல்தான்.
பொருட்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக,
எதிரே யாருக்கு எது என்று.
எனக்குப் பட்டியல் எழுத வராது.
மொன்ஃபல்கோனே கப்பல் தளத்தில் பதினோரு வருடமாக
எஞ்சின் அறைக் குழாய்களை வரைகிறவள் நான்.
ஞாயிறு மத்தியானம்,
போரா காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருக்க,
சாப்பாட்டு மேசையில் டிரேசிங் தாளை ஒட்டி
வீட்டின் கூரையைக் கழற்றினேன்.
சுவர்களை முழங்கால் உயரத்தில் அறுத்தேன்.

செங்குத்து செங்குத்தாகவே நிற்கும்.
மற்ற இரண்டும்
இடமும் வலமும் முப்பது பாகை சாயும்.
சட்டம் அவ்வளவுதான்.

தேவாலயச் சுவரில் ஓவியம் தீட்டுகிறவன்
தூண்களைப் போகப்போகச் சிறுக்க வைப்பான்.
சிறுத்துப்போன குழாயை வைத்துக்கொண்டு
எவனும் கப்பல் கட்ட முடியாது.
எங்கள் தாளில் தூரம் எதையும் தின்பதில்லை.
பார்க்கிறவன் என்று ஒருவன் இல்லை,
அவன் நிற்கும் இடமும் இல்லை.
கடைசி அறைக் கரண்டிக்கும் முதல் அறைக் கரண்டிக்கும்
ஒரே நீளம்.

அடுப்பு. தையல் மெஷின்.
நடைவழியில் தொங்கும் அவன் சைக்கிள்.
திருகாணிகள் போட்டுவைத்த ஊறுகாய் பாட்டில்
(யாருக்குமே வேண்டாம், ஆனாலும் வரைந்தேன்).
பிறகு கட்டில்.
பிப்ரவரியிலிருந்து கட்டில் இரண்டு.

செவ்வாய்க்கிழமை லிவியோ மழைபூட்ஸை எடுக்க வந்தான்.
குழாய் பொருத்துகிறவன்.
என் கோடுகளைக் கப்பலின் வயிற்றுக்குள் படுத்துக்கொண்டு
டார்ச் வெளிச்சத்தில் படிக்கிறவன்.
முதன்முதலில் பேசியதே சண்டையில்தான்:
ஒரு அளவை எழுத நான் விட்டுவிட்டேன்.
எங்கள் தாளில்
மேலே ஒரு மீட்டர் ஏறினாலும்,
வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று
பின்னால் போனாலும்
பென்சில் வந்து நிற்பது அதே புள்ளி.
மேலே போக வேண்டிய குழாயை அவன் பின்னால் கொண்டுபோய்
இரும்புத் தடுப்பில் முட்டினான்.
எண்ணெய் அப்பிய தாளோடு மாடியேறி வந்து
என் மேசைமேல் விரித்து
'நீவெஸ் பெர்டோட் யார்?' என்றான்.

இப்போதும் அதே விரல்.
வாசலில் தொடங்கி, நடைவழி, சைக்கிள்,
என் அறை. நின்றது.
'இங்கே ரெண்டும் தொட்டுக்கொண்டிருக்கிறது.'
என் கட்டிலின் தலைப்பலகை மூலையும்
அவன் கட்டிலின் காலும்
ஒரே புள்ளியில்.
'தொடவில்லை,' என்றேன்.
'நடுவில் ஒரு சுவர். ரெண்டு மீட்டர் எட்டு சென்டிமீட்டர்.'
'அளவு எழுதவில்லையே.'

பின்னால் போகிற கோட்டை உடைத்துக் காட்ட வேண்டும்,
அதுவும் எங்கள் சட்டம்தான்.
அவன் ரப்பரை எடுத்தான்.
தன் கட்டிலின் கால்மேல் வைத்தான்.
'பின்னால் இருப்பது என்னுடையது.'
'ஆமாம்.'
'இந்த மூலையிலிருந்து பார்த்தால்.'
நான் பேசவில்லை.
'எந்த மூலை என்று முடிவு செய்தது யார்?'

அழிக்கவில்லை. ரப்பரை வைத்துவிட்டு
பூட்ஸ் இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு போனான்.
விவாகரத்துச் சட்டத்தை ஒழிக்கலாமா என்று
மே மாதம் நாட்டைக் கேட்டார்கள்.
கூடாது என்று போட்டோம், இருவரும்.
இத்தனை வருடத்தில்
அளவு பார்க்காமலே பொருந்திய ஒன்று.

வக்கீலின் தட்டச்சுப் பெண்
தாளைத் தலைகீழாகப் பிடித்து எண்ணினாள்.
சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.
அப்படியும் அது வீடாகத்தான் இருந்தது:
தரை மேலே போய்விட்டது,
கட்டில்கள் அதிலிருந்து தொங்கின,
முன்னால் இருப்பது எது என்று
எனக்கே பிடிபடவில்லை.
'கட்டில், இரண்டு,' என்று அடித்தாள்.
'இந்த பாட்டில் யாருக்கு?'